பதினோரு நாளில் பார்த்து முடித்த நாடு

பீளமேடு,
கோயமுத்தூர்.
ஜனவரி, புதன்கிழமை.

மாப்பிள்ளை யஷ்வந்த் அவர்களுக்கு மாமனார் நரசிம்மலு எழுதிக்கொண்டது.

அங்கே தாங்களும் சைதன்யாவும் குளிருக்கு அடக்கமாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேங்கடாசலபதி துணை நிற்கட்டும். இங்கே நானும் தங்கள் அத்தையும் நலம். மாடியில் தங்கியிருக்கும் உங்கள் ஊர் விருந்தாளிகள் இருவரும் நலம். ரொம்ப நலம். அந்த நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் தங்கள் அத்தை வெங்கடலட்சுமி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அந்தப் பக்கமிருந்து நிக்கலாஸ் தலையை நீட்டி "ஹலோ யஷ்வந்த்" என்கிறார். வாட்ஸ்அப்பில் நான் எதைத் தட்டினாலும் அது குடும்ப குரூப்புக்குப் போய்விடுகிறது. அதனால் இதை எழுதி, முக்கு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் போட்டு, உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். சைதன்யாவுக்குக் காட்ட வேண்டாம். விஷயம் ஒன்றுதான். நாங்கள் இருவரும் லக்ஸம்பர்க்குக்கே வந்து தங்கிவிடுவதற்கு நீங்கள் போடப்போகிற விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள். எங்கள் பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தும் மாசக் கடைசிக்குள் வேண்டும் என்றீர்கள். வராது. ஏன் வராது என்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

மாப்பிள்ளை, உங்கள் நாட்டில் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டிக்கெட்டே கிடையாது, எவனும் ஹாரன் அடிப்பதில்லை, குழாயைத் திறந்தால் சுடுதண்ணி. ஆனால் நாடு முடிந்துபோகிறது. பீளமேட்டில் காரை எடுத்தால், நான் சத்தியமங்கலம் தாண்டி மலை ஏறி இறங்குவதற்குள் உங்கள் நாடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தீர்ந்துவிடும். போன மே மாதம் நாங்கள் வந்தபோது, 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று நாற்பது நாளுக்கு ஒரு பட்டியல் அடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தீர்களே, அதை நான் பதினோரு நாளில் முடித்துவிட்டேன். பாறையைக் குடைந்த கோட்டைச் சுரங்கம் பார்த்தாயிற்று, பள்ளத்தாக்கின் மேலே போகிற பெரிய கல் பாலம் பார்த்தாயிற்று. அரண்மனை வாசலில் துப்பாக்கியோடு நடந்துகொண்டிருந்த சிப்பாயிடம், பாவம் வெயிலில் காய்கிறானே என்று, "கோயமுத்தூர் பக்கம் வந்தா அவசியம் ஊட்டுக்கு வாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியாண்டன் கோட்டைக்கு மலைமேல் நாற்காலியில் தொங்கிக்கொண்டு போனோம். நீங்கள் எல்லோரும் கோட்டையைப் பார்த்தீர்கள், நான் அந்த நாற்காலியை இழுக்கிற மோட்டாரைப் பார்த்தேன், அது எத்தனை குதிரைத் திறன் என்று கேட்டதற்கு அந்த ஆள் கதவைச் சாத்திக்கொண்டான். ஷெங்கன் என்று விசாவில் அச்சடித்திருக்கிறதே, அது ஒரு குக்கிராமம் என்று உங்கள் நாட்டில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே சும்மா நிற்க முடியாமல் ஆற்றுப் பாலத்தில் காலாற நடந்தால் என் போன் 'ஜெர்மனிக்கு வரவேற்கிறோம்' என்கிறது! பாஸ்போர்ட் காரில் கிடக்கிறது. மாப்பிள்ளை, அறுபத்தெட்டு வயதில் நான் ஓடின ஓட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் என்ன செய்வது? மில்லில் முப்பத்தெட்டு வருடம் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் காலை ஒன்பதுக்கு பீர் முகம்மது பாயின் மோட்டார் வைண்டிங் பட்டறைக்குப் போய், வாசல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தால், பத்துப் பேர் வந்து "ஏனுங்ணா, இது ஏன் இப்படிச் சூடாகுது" என்று கேட்பார்கள். உங்கள் நாட்டில் என்னை ஒருத்தன்கூட ஒன்றும் கேட்கவில்லை. கை பரபரவென்று இருக்க, உங்கள் சமையலறை மிக்சியைக் கழற்றினேன். "மாமா, அதுக்கு வாரண்டி இருக்குதுங்க" என்று நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள், தப்பில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பார்த்துக்கொண்டே இருப்பதற்கு நான் என்ன ஜன்னலா? மீதி இருபத்தொன்பது நாளும் அதே கோட்டை, அதே பாலம்.

அப்போது பேச்சுத் துணைக்குக் கிடைத்தவர்தான் உங்கள் கீழ்வீட்டு நிக்கலாஸ். இரும்பு ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கு மில் இங்கிலீஷ், நன்றாகப் புரிந்தது. அந்தச் சுரங்கத்துக்கு மறுபடி போகையில் எங்களோடு வந்தபோதுதான் அவரே முதல் தடவையாக உள்ளே நுழைகிறார் என்று அவர் சம்சாரம் மரியான் சொன்னார். கிளம்பும்போது வழக்கப்படி, "அவசியம் ஊட்டுக்கு வரோணும், பத்து நாள் தங்கோணும்" என்றேன். நம்மூரில் இதை யாரிடம் சொல்வதில்லை? காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் சொல்வோம். அவர் பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போவார். நிக்கலாஸ் டைரியை எடுத்து எந்த மாதம் என்று கேட்டார். வாய் நின்றிருந்தால் பரவாயில்லை, "ஜனவரி நல்லா இருக்குமுங்க" என்றுவிட்டேன். இந்த மாதம் முதல் வாரம் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்த அன்றைக்கே தங்கள் அத்தை என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "ஏனுங்க, அந்த ஊரு பதினோரு நாள்ல தீந்துபோச்சு, மூச்சு முட்டுதுன்னு குதிச்சீங்கல்ல? இவிய பதினஞ்சு நாள் உங்க ஊருல சலிக்காம இருக்கட்டும். நான் லக்ஸம்பர்க் பேச்சையே எடுக்க மாட்டேன். நடுவுல பொட்டியக் கட்டிக்கிட்டு கேரளா போயிட்டாங்கன்னா, நீங்க மூச்சுக் காட்டாம கையெழுத்துப் போடோணும்." சரி என்றேன். இந்த வீடு, பட்டறை, என் ஸ்டூல் எல்லாம் அந்தப் பதினைந்து நாளில் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

முதல் நாள் பேரூர் கோயில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை, நடை சாத்தி, நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். எந்த நூற்றாண்டு என்று நிக்கலாஸ் கேட்டார். ரொம்பப் பழசு என்றேன். யார் கட்டியது என்றார். எனக்கு எங்கே தெரியும், அன்னூரில் இருக்கிற உங்கள் அத்தையின் அண்ணன் அரங்கசாமி பாவாவுக்குப் போன் போட்டேன். "யாரு கட்டுனா என்னங்க பாவா, நல்லாத்தான கட்டியிருக்குறாங்க" என்றார். இரண்டாம் நாள் காட்டிலாகா மியூசியம் போனோம், வார விடுமுறை. மூன்றாம் நாள் டவுன்ஹால் மணிக்கூண்டு. மரியான் ஒரு போட்டோ எடுத்தார், இரண்டு நிமிடத்தில் முடிந்தது, அப்புறம் மூவரும் மணிக்கூண்டு தன் நேரத்தைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலாம் நாள் அருவிக்குப் போனால் யானை நடமாட்டம் என்று அடைத்திருந்தார்கள். நிக்கலாஸ் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இந்த இடங்களுக்கெல்லாம் நானே போய் இருபது வருடம் இருக்கும், மியூசியம் எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரரைத்தான் கேட்டேன். சாயங்காலம் ஆனால் தங்கள் அத்தை சைதன்யாவிடம் போனில், "இன்னைக்கும் பூட்டித்தான் கெடந்துச்சு அம்மணி" என்று சிரிப்பாள். ஐந்தாம் நாள் மாடியில் கேரளா வரைபடம் ஒன்று மேசைமேல் விரித்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

ஆறாம் நாள் கடைசி முயற்சியாக சத்தியமங்கலம் மலைக்குக் கார் பிடித்தேன். அன்னூர் தாண்டும்போது பாவா போன் பண்ணுகிறார். "பாவா, போர் மோட்டார் பொகஞ்சுபோச்சுங்க, வாழைக்குத் தண்ணி இல்லீங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க." விருந்தாளியை வைத்துக்கொண்டு எப்படிப் போவது, வாழை வாடும்போது எப்படிப் போகாமல் இருப்பது? காரைத் திருப்பச் சொன்னேன். தோட்டத்தில் போர்வெல்லிலிருந்து குழாயை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிக்கலாஸ் காரை விட்டு இறங்கினார், பார்த்தார், மேல்கோட்டைக் கழற்றி மரியான் கையில் கொடுத்தார், போய்க் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சேறு முழங்கை வரைக்கும். "ஐயோ, விடுங்க சாமி, நீங்க எதுக்குங்க" என்று பாவா கும்பிடுகிறார், அவர் காதில் விழவில்லை. வேலையை விட்ட பிறகு இந்த மனுஷன் இப்படிச் சிரித்துத் தான் பார்த்ததே இல்லை என்று மரியான் சொன்னார். எரிந்த மோட்டாரை எங்கள் கார் டிக்கியிலேயே போட்டு பாய் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து காலை ஒன்பது ஆனால் நிக்கலாஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். கோயில் வேண்டாம், மலை வேண்டாம், பட்டறைதான். பழைய செம்புக் கம்பியை உருவி எத்தனை சுற்று என்று எண்ணுகிறார், பாய் தலையாட்டுகிறார். இருவருக்கும் பொது பாஷை ஒரு வார்த்தை கிடையாது. கேரளா படத்தில் மரியான் கடலை உரித்துப் போட்டிருக்கிறார்.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். இன்னும் மூன்றே நாள், மாப்பிள்ளை. நான் ஜெயித்துவிட்டேன். ஆகவே விண்ணப்பத்தைக் கிழித்துவிடுங்கள். சைதன்யா வருத்தப்பட்டால், அப்பாவுக்கு இங்கே வேலை இருக்கிறது, அவரை நாலு பேர் தேடுகிறார்கள் என்று பதமாகச் சொல்லுங்கள். இருவரும் நூறாண்டு நோய் நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். அந்தச் சிப்பாயைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நரசிம்மலு

பின்குறிப்பு: இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடிதம் நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அன்றைக்கே ஸ்கேன் போடப் போனேன், மிஷின் ஓடவில்லை. நான் பார்க்கிறேன் என்று கையை வைத்தேன். கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எதுக்குங்ணா சிரமம், நிக்கலாஸ் சாரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார். பட்டறைக்குப் போனால் வாசல் ஸ்டூலில் நிக்கலாஸ். பாய் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "நீங்க சும்மா உக்காருங்ணா, டீ சாப்புடுங்க, அவரு பாத்துக்குவாரு" என்கிறார். அரங்கசாமி பாவா போன் பண்ணினால், "நிக்கலாஸ் இருக்குறாருங்களா?" என்கிறார். என் சொந்த ஊரில் நான் வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

பந்தயத்தில் ஜெயித்தேன். நேற்றோடு பதினைந்து நாள். தங்கள் அத்தை பீரோவைத் திறந்தாள். சைதன்யா வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து பீரோவில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. வாசலில் நிக்கலாஸ், ஊருக்குக் கிளம்பும் தேதியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நான் வழக்கப்படி, "என்னங்க அவசரம், இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போலாமுங்க" என்றேன். டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, தன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, அங்கே கீழே இருக்கிற தண்ணீர் பம்பு இரண்டு வருடமாகக் கத்துகிறது, யாராலும் சரிசெய்ய முடியவில்லை, நீ போய்ப் பார் என்றார்.

பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தும் இதோடு வருகின்றன. பெட்டியில் எத்தனை கிலோ இரும்பு போடலாம் என்று கேட்டுச் சொல்லுங்கள், ஸ்பேனர் செட்டு பதினாலு கிலோ இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை. அக்கம்பக்கத்தில் எந்தெந்த ஊட்டில் என்னென்ன ரிப்பேர் என்று விசாரித்து, அதை ஒட்டி வையுங்கள்.