உறைக்காத மிளகாய்

வாணலியில் ஒரு கை காய்ந்த மிளகாய் சர்க்கரைப் பாகில் கொதித்தும் ஜெயவேலுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஆரணியில் பட்டுத்தறி வைத்திருப்பவன் அடுப்படியில் நிற்கக் காரணம், பெங்களூர் புடவைக் கடைக்காரர் தசரதன். தீபாவளி ஆர்டர் அவர் கையில் இருந்தது. டெக்கீலாவில் மிளகாய் மது கலந்து, எலுமிச்சை பிழிந்து, கிளாஸ் விளிம்பில் உப்புத் தடவித் தந்தால் உயிரையே கொடுப்பேன் என்று நேற்று தறியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

டெக்கீலா பாட்டில், மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. மிளகாய் மதுவுக்கு ஆரணியில் எங்கே போவது? மிளகாயைப் பாகில் காய்ச்சி டெக்கீலாவோடு கலந்தால் போதும் என்றது யூடியூப்.

மனைவி சுகன்யா தேவிகாபுரம் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டு மிளகாய் மொத்தமும் அரவை மிஷினில். நல்லவேளை, ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தட்டில் மிளகாய், கல்லுப்பு, எலுமிச்சம்பழம் மூன்றும் சேர்ந்தே இருந்தன. மனைவிமேல் அவனுக்குப் பாசம் பொங்கியது.

ஜாடியில் கலந்து ஒரு வாய் குடித்தான். தித்தித்தது. மீதி மிளகாயையும் போட்டு இன்னொரு வாய். காரம் இல்லை. விதையோடு நசுக்கிப் போட்டு மறுபடி ருசி பார்த்தான். சுவர்தான் லேசாகச் சாய்ந்தது. குறைந்ததற்கு டெக்கீலா ஊற்றினான்.

பாத்திரம் தேய்க்க வந்த முனியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா பண்ணிகினு கீறீங்க?"

"கஷாயம். நீ ஜல்தியா வேலய முடி."

"கஷாயத்துக்கு எதுக்குண்ணா ஐஸு?"

அதற்குள் தசரதன் வந்துவிட்டார். ஜெயவேல் கிளாஸை நீட்டினான்.

"காரம் கொஞ்சம் கம்மிங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரே மடக்கு. தசரதன் முகம் சிவந்தது, கண்ணும் மூக்கும் ஒழுகின. சோபாவைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஆர்டர் போயிற்று என்று ஜெயவேல் தண்ணீர்ச் சொம்பை எடுக்க ஓடினான்.

"இதுதாங்க காரம்," என்றார் தசரதன் மூச்சு வாங்க. "ஆர்டர் உங்களுக்குத்தான். இன்னொண்ணு ஊத்துங்க."

ஜெயவேல் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜாடியில் மிச்சமிருந்ததைக் குடித்துப் பார்த்தான். அதே தித்திப்பு.

முனியம்மாள் காலித் தட்டோடு வந்து நின்றாள்.

"இதுல இருந்தது எங்கண்ணா? வெளக்கு வெக்கிற நேரத்துல அடுப்புல போடச் சொன்னாங்க அக்கா."

ஜெயவேல் தசரதனின் கிளாஸைக் காட்டினான். கண்ணில் நீர் வழியக் குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது திருஷ்டி மிளகாண்ணா, நமக்கு உறைக்காது. நேத்து இவுரு கண்ணு பட்டுச்சின்னுதான் அக்கா தறிக்கு சுத்தி வெச்சாங்க. அவுருது அவுருக்கே போய் சேந்துடுச்சி, வுடுங்க."