பால் கேனுக்குள் கீறிய பெயர்

அன்புள்ள தம்பி பிரபாகருக்கு,

அண்ணன் சின்னராஜ் எழுதிக்கொள்வது. பாப்பிரெட்டிப்பட்டியில் நானும் உன் அண்ணியும் இரண்டு மாடுகளும் சுகம். சேலத்தில் நீங்கள் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி உன் மகள் கோகிலா செய்துவிட்டுப் போன காரியத்தைக் கேள்.

பால் சொசைட்டியில் எல்லார் கேனும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளிப்பக்கம் இருந்த என் பெயரை எவனோ அரத்தால் ராவிவிட்டு இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அதனால் மூன்றாவது கேனில் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, கூர் ஆணியால் ‘கா. சின்னராஜ், பாப்பிரெட்டிப்பட்டி’ என்று உள்பக்கமே ஆழமாகக் கீறினேன். இனி எவன் ராவுவான்?

அந்த வாரமே பால் திரிய ஆரம்பித்தது. பாலைச் சோதிக்கிற பையன் மாது கொஞ்சம் காய்ச்சிப் பார்த்து எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினான். நான் சும்மாவா இருந்தேன்? செங்கல் பொடி போட்டேன், கம்பி நார் போட்டேன், தோள்பட்டை கழல்கிற அளவுக்குத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க இன்னும் சீக்கிரம் திரிந்தது, நான்கு நாள் பாலைச் சாக்கடையில் ஊற்றினோம். இன்னொரு தடவை திரிந்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதாகச் செயலாளர் சத்யராஜ் சொல்லிவிட்டார். இந்த இரண்டு மாட்டை நம்பித்தானே எங்கள் அடுப்பு எரிகிறது?

லீவுக்கு வந்திருந்த உன் மகள் அந்த நேரம் பார்த்து, சொசைட்டி வாசலில் இருபது பேருக்கு நடுவே என் கேனுக்குள் கையை விட்டாள். என் பெயரை நகத்தால் சுரண்டி மஞ்சளாக எதையோ எடுத்துக் காட்டினாள்.

“பாருங்க பெரியப்பா, கேனு உள்ள வழவழன்னு இருந்தா கிருமி கழுவுனதும் போயிருங்க. கீறல் இருந்தா பாக்டீரியா அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு, மேல பிசுபிசுன்னு போர்த்திக்கும். சோப்பும் பிரஷ்ஷும் அங்க எட்டாதுங்க. நீங்க கம்பி நாருல தேச்சு இன்னும் நூறு கீறல் போட்டு வெச்சிருக்கீங்க.”

அத்தோடு விட்டாளா? “உங்க ‘ஜ’வுலதாங்க நெறைய இருக்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணி முனியம்மாளும், “ஊரு பேரெல்லாம் எதுக்குங்க கீறுனீங்க? நாம என்ன வெளியூருக்கா பால் ஊத்தறோம்?” என்று சேர்ந்துகொண்டாள்.

அப்பா ஆசையாக வைத்த பெயர் கிருமிக்குக் குடியிருப்பா? பெரியப்பன் மானத்தை வாங்கத்தான் அவளை மைக்ரோபயாலஜி படிக்க வைத்தாயா? இனி அவள் என் வீட்டுப் படி ஏறக் கூடாது. கேனையும் நான் மாற்றப் போவதில்லை.

உன் மனைவிக்கு என் ஆசிகள். கோகிலாவுக்கு இந்தத் தடவை கிடையாது.

ஆறாத கோபத்துடன்,
கா. சின்னராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போதுதான் தெரிந்தது. நான் வெட்கப்பட்டு சொசைட்டிப் பக்கம் போகாத இந்த மூன்று நாளும் முனியம்மாள் புதுக் கேனில்தான் பால் ஊற்றியிருக்கிறாள். ஒரு சொட்டுக்கூடத் திரியவில்லை. கோகிலாவை உடனே பஸ் ஏற்றி அனுப்பு. என் கேனைப் பார்த்து ஆசைப்பட்ட எட்டுப் பேருக்கு நானே உள்ளே பெயர் கீறிக் கொடுத்திருந்தேன். எட்டுப் பேரும் இப்போது பால் திரிந்த கேனோடு என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், முதல் ஆளாகச் செயலாளர். இதை நான் மாட்டுக் கொட்டகைக்குள் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.