பூஜைக்குத் தவிர யாரும் தொடக்கூடாது

செடி வளர்க்கிறவர்களுக்கும் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசாமல் இருக்க முடியாது. நான் இரண்டையும் ஒரே சமயத்தில் வளர்த்தவள். என் வாய் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கணபதி ஏரியாவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். மூத்தவள் யாழினிக்கு ஏழு வயது, சின்னவன் கவினுக்கு ஐந்து. என் வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருந்தார் (இன்னமும் வைத்திருக்கிறார். நான் பேசும்போது மட்டும் காது கேட்காததற்கு அந்தச் சத்தம்தான் காரணமாம்). வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு சேலையை விரித்துப் போடுகிற அளவுக்கு மண் இருந்தது. அதைத்தான் நான் தோட்டம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காரமடை ரோட்டில் ஒரு நர்சரியிலிருந்து செண்டுமல்லி நாற்று வாங்கி வந்து நட்டேன். நாலே நாளில் வாடிவிட்டது. மண்ணைக் குறை சொன்னேன், போர்த் தண்ணீரைக் குறை சொன்னேன், நர்சரிக்காரரையும் விடவில்லை. இரண்டாவது தடவை நட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கவின் தினமும் காலையில் ஒவ்வொரு நாற்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை போனபோது நர்சரிக்காரர், வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். இந்தப் பூவெல்லாம் ஆயுத பூஜைக்கு. பூஜைக்குத் தவிர யாரும் தொடக்கூடாது, தொட்டால் சாமி கண்ணைக் குத்தும். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அரிசி கழுவின தண்ணீர், வெங்காயத் தோல், டீத்தூள் என்று வீட்டில் மிச்சமானதையெல்லாம் கொட்டினேன். புரட்டாசி பிறந்ததும் செடி தெரியாத அளவுக்கு மொட்டு வைத்தது பாருங்கள், எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், சோமனூரில் இருக்கிறார். தறி ஓட்டும் குடும்பம். வருடா வருடம் அவர்கள் தறிக்கு வாங்கும்போதே எங்கள் பட்டறைக்கும் சேர்த்துப் பூ வாங்கி, பூஜைக்கு முந்தின நாள் கொண்டுவந்து கொடுப்பார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி கொண்டுவந்த பூவைத்தான் மெஷின்கள் பார்த்திருக்கின்றன. அந்த வருடம் போனில் கூப்பிட்டு, இனிமேல் சிரமப்பட வேண்டாம், நம்ம தோட்டத்துப் பூவே ஏழு மெஷினுக்கும் போதும், வேண்டுமானால் உங்கள் தறிக்கும் தருகிறேன் என்று சொன்னேன். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அண்ணி சரி கண்ணு என்றார்.

பூஜைக்கு முந்தின நாள். பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சாப்பாட்டின்போது யாழினி அப்பாவிடம் ஆயுத பூஜையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், நமக்காக ஓயாமல் உழைக்கிற எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும் என்று விளக்கிவிட்டு, பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் விடியற்காலையிலிருந்து வீட்டைக் கழுவி, ஒட்டடை அடித்து, சுண்டலுக்கு ஊறப்போட்டு ஓய்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் பூப் பறிக்கலாம் என்று கொஞ்சம் கண்ணை மூடினேன்.

எழுந்தபோது மணி நாலு. நெற்றியில் ஏதோ ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்துக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

செடி இருந்தது. பூவைக் காணோம். ஒரு மொட்டுகூட மிச்சமில்லை.

எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். காலையில் வாக்கிங் போகும்போது கையில் பிளாஸ்டிக் பையோடு போவார், வரும்போது பையில் ஊரான் வீட்டுப் பூ இருக்கும். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. தெருவைத் தாண்டிப் போய் அவர் வீட்டுக் கேட்டைத் தட்டினேன். நம் ஊரில் திருடனைக் கேட்பதென்றாலும் மரியாதையாகத்தானே கேட்க வேண்டும்?

“ஏனுங்க சார், கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊட்டுப் பூவெல்லாம் நீங்க பறிச்சுப்போட்டீங்களாங்க?”

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“அம்மணி, மொதல்ல ஊட்டுக்குப் போயி கண்ணாடியப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். நெற்றியில் மூன்று சந்தனப் பட்டை, நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம். இரண்டு கன்னத்திலும் பொட்டு, இரண்டு முழங்கையிலும் பொட்டு. கொண்டையில் செண்டுமல்லி நாலு, காதோரம் ஒன்று. இந்தக் கோலத்தில்தான் நான் தெருவைத் தாண்டிப் போய் நியாயம் கேட்டிருக்கிறேன்.

திரும்பினால் ஃப்ரிட்ஜுக்குச் சந்தனப் பட்டை. கிரைண்டருக்கு, அயர்ன் பாக்ஸுக்கு, டிவி ரிமோட்டுக்கு, அப்பாவின் ஷேவிங் ரேசருக்குப் பொட்டு. வாஷிங் மெஷினுக்குள் துணி கொள்ளும் அளவுக்குப் பூ. மிக்ஸி ஜாருக்குள் பூவைப் போட்டு கவின் மூடி வைத்திருந்தான். பாத்ரூம் கழுவுகிற பிரஷ்ஷுக்குக்கூட ஒரு பூ கிடைத்திருந்தது. பிள்ளைகள் இரண்டும் போர் மோட்டார் முன்னால் உட்கார்ந்து கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாப் பூவையும் எடுத்துக் கூடையில் போடச் சொன்னேன். யாழினி அசையவில்லை.

“சாமிக்கு வெச்ச பூவ மறுக்கா எடுத்து வெக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்ம்மா சொன்னீங்க.”

சொன்னேன்தான். அந்த வீட்டில் எல்லாச் சட்டமும் நான் போட்டதுதான். பாத்ரூம் பிரஷ்ஷுக்கு வைத்த பூவை லேத்துக்கு வைக்க எனக்கே மனசு ஒப்பவில்லை. பூ மார்க்கெட்டுக்கு ஓடினாலும் அந்நேரத்துக்கு வாடின சருகுதான் மிஞ்சியிருக்கும். விடிந்தால் பூஜை. ஏழு மெஷினும் மொட்டையாக நிற்கப்போகிறது, பட்டறை ஆட்கள் பார்க்கப்போகிறார்கள், அதைவிட அண்ணி பார்க்கப்போகிறார். சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கன்னத்துச் சந்தனம் கரைந்து தாடைக்கு இறங்கியது.

சொல்லி வைத்தாற்போல வாசலில் கார் வந்து நின்றது. அண்ணி. பலகாரத் தூக்கோடு உள்ளே வந்தவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஈரச்சாக்கு சுற்றிய ஒரு மூட்டை நிறையச் செவ்வந்தி.

“செடிய நான் நம்புனேன் கண்ணு. உன்ற மக்களத்தான் நம்புல. நானும் ரெண்டு பெத்தவதான?”

அத்தனை வருடமாக அண்ணியிடம் எனக்கு இருந்த வீம்பெல்லாம் அந்த டிக்கி முன்னால் நின்றபோதே போய்விட்டது. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் சேலையெல்லாம் சந்தனம்.

அப்புறம் அண்ணி யாழினியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மெஷினுக்கெல்லாம் வைத்தாய் சரி, அம்மாவுக்கு ஏன் பொட்டு வைத்தாய் கண்ணு என்று கேட்டார்.

“அம்மாதானுங்கத்தை ஓயாம ஓடிட்டே இருக்குது. மெஷின ஆஃப் பண்ணித்தான் பொட்டு வெக்கோணும்னு அப்பா சொன்னாருங்க. அம்மா தூங்குனாத்தானுங்க ஆஃப் ஆகும்?”

அண்ணி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். அதற்குள் கவின் ஓடிவந்து, நானும்தானுங் பொட்டு வெச்சேன், முழங்கை ரெண்டும் நானுங் என்றான்.

வாத்தியார் வீட்டுக்கு மறுநாள் சுண்டலோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் சுவரோரத்து அரளியை அவர் உரிமையோடு பறிக்கிறார். கேட்க எனக்கு வாய் ஏது?

பட்டறைக்கு விஷயம் போகாமல் இருக்குமா? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆட்கள், “ஏனுங்க, ஏழு மெஷினுங்களா எட்டுங்களா?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்பார்கள். நான் பகலில் ஐந்து நிமிடம் சாய்ந்தால்கூட வீட்டில் ஒரு குரல், “அம்மா ஆஃப்” என்று அறிவிக்கும்.

இப்போது யாழினி சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். கவின் பிளஸ் டூ, அவன் அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. செண்டுமல்லி தானாகப் பூத்து, செடியிலேயே காய்கிறது. பிடுங்கிப் பார்க்க ஆளில்லை. சில நாள் அதைப் பார்த்தால் எனக்கு அழுகையாக வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு மத்தியானம் நிம்மதியாகத் தூங்க விடமாட்டார்களா என்று வேண்டிக்கொண்டவள் நான்தான்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் கவினின் போனில் யாழினியின் குரல் கேட்டது.

“டேய், அம்மா தூங்கிருச்சா? போயி வெச்சுப்போட்டு வா. கன்னத்த மறந்தறாத.”

கதவு மெல்லத் திறந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.