முன்னால் தேத்தண்ணி, பின்னால் செருப்பு

எதையும் அளக்காமலே எல்லாம் தெரிந்த மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவன் எண்பதுகளில் கோல சிலாங்கூர் தொழிற்பள்ளி விடுதியில் என் அறையில் இருந்தான். பெயர் வேறு ஏதோ. நாங்கள் கூப்பிட்டது ‘வச்சிக்குவோம்’.

மழை வராதென்று வச்சிக்கிட்டு விடுதி மெத்தைகளையெல்லாம் வெயிலில் போட்டான். அன்றிரவு வெறும் பலகையில் படுத்தோம்.

அவனேதான் பிஸ்கட் டின்னில் ரோபோ கட்டினான். புக்கிட் ரோத்தான் மண்டபத்துக் கண்காட்சியில் அது தலைமை விருந்தினராக வரும் டத்தோவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக வேண்டும். லோரி ஓட்டும் அவன் அப்பா முன்பே சொல்லிவிட்டார்: "டின்னு ஓடலன்னா படிச்சது போதும். திங்கக்கெழமை ரவாங் பேக்டரி."

ஒத்திகை முழுக்க வெறும் கோப்பை. சமையல்காரர் தேத்தண்ணி தரவில்லை.

"டே, தண்ணியாச்சும் ஊத்திப் பாரேன்லா," என்றேன்.

"தண்ணி என்னா பெரிய கனம்? ஒண்ணுமில்லன்னு வச்சிக்குவோம்."

கண்காட்சியன்று அதன் முன்தட்டில் நாலு கோப்பை நிறையப் பால் தேத்தண்ணி வைத்தோம். ரோபோவின் மூக்கு தரையைத் தொட்டது. பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. தனக்குத்தான் கும்பிடுகிறதென்று டத்தோ எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார். சபை கைதட்டியது. அவன் அப்பா மட்டும் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

அவரை முந்திக்கொண்டு இவன் ஓடினான். வாசலில் எல்லாரும் கழற்றிப் போட்ட செருப்புகளை அள்ளி வந்து ரோபோவின் முதுகுக் கூடையில் போட்டான். அசையவில்லை. கடைசியாக ஒரு ஜோடி கனத்த பூட்ஸ். சக்கரம் தரையைப் பிடித்தது. முன்னால் தேத்தண்ணி, பின்னால் செருப்பு, ஊர்வலம் கிளம்பியது.

"என் பூட்ஸ எவன்டா எடுத்தான்?" என்று வாசலில் ஒரு குரல். வெறுங்காலோடு திரும்பி வந்த அப்பா, தம் பூட்ஸ் டத்தோவை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

டத்தோவும் பக்கத்திலிருந்தவர்களும் கோப்பைகளை எடுத்தார்கள். முன்பாரம் போனதும் ரோபோ மல்லாந்தது, செருப்பெல்லாம் சிதறின. டத்தோ சிரித்துக்கொண்டே குடித்தார்.

அப்பா வந்து பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டார். "ரவாங்குக்கு இப்ப அவசரமில்ல. அடுத்த தடவ ஊத்திப் பாரு."

"ஊத்திட்டேன்னு வச்சிக்கு..." அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஊத்திப் பாக்குறேம்பா."



இப்போது அவன் எங்கோ தூரத்தில் இருக்கிறான். வருவதாகச் சொல்வதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், வந்துவிடுவான் என்று வச்சிக்கிட்டு, ஒரு கோப்பை கூடுதலாகவே ஊற்றுகிறேன்.