உங்களைப் பிடிக்கிற ஒருவர்

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கிற புதராகப் பார்த்துக் குடியிருந்தது சிங்காரம் என்கிற முயல். ஆள் லட்சணம்தான், ஆனால் துணை அமையவில்லை. கூட வளர்ந்ததெல்லாம் பேரன் பேத்தி எடுத்துவிட, சாயங்காலமானால் பேச ஆளில்லாமல் சிங்காரத்துக்கு அழுகையே வந்துவிடும்.

அதே காட்டில் ஒரு நரி, ஜோடி சேர்த்துவைக்கும் ஆப் நடத்திவந்தது. மரத்துக்கு மரம் விளம்பரம்: "உங்களைப் பிடிக்கிற ஒருவர் நிச்சயம் கிடைப்பார். இதுவரை ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை!"

சிங்காரம் சேர்ந்தது. அன்றைக்கே கொடிமுல்லை என்ற பெயரில் செய்தி வந்தது. படத்தில் புல்லுக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

"முகத்தைக் காட்ட மாட்டீங்களா?"

"கூச்சங்க. ஆனா முயல்னா எனக்கு உசிரு. உங்களைப் பார்த்ததுமே பிடிச்சிடும்."

"நிஜமாவா?"

"பொய் சொன்னா எனக்கே பிடிக்காதுங்க."

சிங்காரம் மீசையை நக்கி ஒழுங்குபண்ணிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனது. கொடிமுல்லை வாக்குத் தவறவில்லை. பார்த்ததும் பிடித்துவிட்டது. அது சிறுத்தை.

வால் சிறுத்தையின் வாயோடு போக, மிச்சமிருந்த சிங்காரம் தலைதெறிக்க ஓடி, ராத்திரி முழுக்க முள்ளுக்குள் பதுங்கிக் கிடந்தது. விடிந்ததும் நேரே நரியின் ஆபீசுக்குப் போய் நின்றது.

"அநியாயம்! நான் புகார் கொடுக்கணும்!"

நரிக்கு முகமே செத்துவிட்டது. "ஐயையோ, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க தம்பி. ஒருத்தர்கூடப் புகார் சொன்னதில்லைன்னு போட்டிருக்கேன். நீங்க சொல்லிட்டா அது பொய்யாயிடுமே! பிள்ளைகுட்டிக்காரன் நான், பொய் விளம்பரம் போட்டுப் பிழைக்கிறவன் இல்லை."

அடடா, இந்தக் காலத்தில் இப்படியொரு வியாபாரியா! சிங்காரத்தின் மனசு இளகிவிட்டது. "அப்ப எனக்கு என்னதான் வழி?" என்று கேட்டது.

"உட்காருங்க. நீங்க மட்டும் இல்லை. காலையிலேயே இன்னொருத்தரும் மனசு நொந்துபோய் வந்திருக்காங்க. ஆளைக் காட்டிட்டு வால் மட்டும்தான் கொடுத்தீங்கன்னு ஒரே வருத்தம்." நரி வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது. "கொடிமுல்லை, வாங்கம்மா. ரெண்டு பேர் குறையையும் ஒண்ணாவே தீர்த்துடலாம்."

தீர்ந்தது. அந்த விளம்பரம் இன்றைக்கும் மரத்துக்கு மரம் தொங்குகிறது. ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

நீதி: விளம்பரம் பொய் என்று நிரூபிக்கக் கிளம்பாதே, நேர்மையான வியாபாரி அதை உண்மையாக்கிவிடுவான்.