கூண்டுக்குள்ள நான், பின்னாடி மாதா சப்பரம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஜீப்புக்குக் கூண்டு மாட்டணும்.

கோழிக்கூண்டு இல்லங்க. சேத்துல ஓட்டும்போது வண்டி குட்டிக்கரணம் போட்டா, உள்ள இருக்குறவன் தலை தப்பணும்ல? அதுக்காக இரும்புக் குழாயில வண்டியச் சுத்தி மாட்டுற கூண்டு. ரோல் கேஜ்னு சொல்லுவாங்க.

பூதலூர் பக்கம் சேத்து ரேஸ் ஒண்ணு நடக்குதுன்னு பேரு கொடுத்திருந்தேன். என் பொண்டாட்டி பிலோமினா ஒரே பேச்சா சொல்லிட்டா.

"கூண்டு மாட்டிட்டு எந்தச் சேத்துல வேணா உருளுங்க. அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

சரின்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். வெல்டிங்கே வேணாம், எல்லாம் போல்ட்டு நட்டுதான், வீட்டுலயே மாட்டிக்கலாம்னு போட்டிருந்தான். வந்து இறங்குச்சு. குழாய், கிளாம்ப்பு, போல்ட்டு, கூடவே ஒரு சின்ன டியூப்ல செவப்புப் பசை. நட்டுல ஒரு சொட்டு விட்டு முடுக்கினா, வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கழலாதாம்.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. அன்னைக்குச் சாயங்காலம்தான் எங்க ஊர் மாதா கோயில் சப்பரம். எப்பவும் டிராக்டர்தான் இழுக்கும். குறுவை அறுப்பு நேரம், ஊர்ல இருக்குற டிராக்டர் எல்லாம் நெல்லு மூட்டையோட கொள்முதல் நிலையத்துல வரிசையில நிக்குது. சப்பரத்துக்குப் பொறுப்பு அருளப்பன் மாமா. மனுஷன் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"கவலைய விடுங்க மாமா. என் ஜீப்பு இழுக்கும். ஆறு மணிக்கு டாண்ணு கோயில் வாசல்ல நிப்பேன்."

"நம்பலாமா மாப்ள? நீ வரலன்னா சப்பரம் நகராது."

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க!"

மத்தியானம் சாப்பிட்டுட்டு, வீட்டுக் கொட்டாயில ஜீப்ப நிறுத்தி வேலைய ஆரம்பிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, கூண்டு அருமையா உக்காந்துச்சு. மேல குறுக்குக் கம்பி, பின்னாடி குறுக்குக் கம்பி, முன் கண்ணாடிக்கு மேல ஒண்ணு. ஏறி இறங்குற பக்கம் மட்டும் தாழ்வா ஒரே ஒரு கம்பிதான் கொடுத்திருந்தான்.

எனக்கு அது பத்தல. கீழ பாத்தா உபரியா குழாய் கெடக்கு, கிளாம்ப்பும் கெடக்கு. ரெண்டு பக்கமும் எக்ஸ் மாதிரி போட்டா எப்படி இருக்கும்! அந்தக் கம்பெனி இஞ்சினியருக்குத் தோணாதது எனக்குத் தோணிருச்சுன்னு ஒரே பெருமை.

வெளிய நின்னு மாட்டணும்னா குனியணும். எனக்கும் குனியறதுக்கும் ஆகாது, நடுவுல தொப்பை இருக்கு. அதனால டிரைவர் சீட்டுல ஜம்முனு உக்காந்துகிட்டே, கம்பி சந்துல கைய விட்டு முடுக்கினேன். ஒவ்வொரு நட்டுலயும் செவப்புப் பசை. ஒரு சொட்டு போதும்னு எழுதியிருந்தான். நான் தாராளமா விட்டேன்.

முடிச்சதும் அப்படியே சாஞ்சு உக்காந்து, போன்ல சேத்து ரேஸ் வீடியோ பாத்தேன். நாமளும் இப்படித்தான் பறக்கப் போறோம்னு நினைச்சுக்கிட்டே கண்ண மூடுனேன். நல்ல தூக்கம்.

"ஏங்க, மணி அஞ்சாச்சு. குளிக்க வேணாமா? வெளிய வாங்க."

கண்ணத் தொறந்தேன். எந்திரிச்சேன். இந்தப் பக்கம் எக்ஸ். அந்தப் பக்கம் எக்ஸ். பின்னாடி, மேல எல்லாம் கம்பி.

"பிலோ... வர முடியல."

"என்ன, கால் மரத்துப்போச்சா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. வழிதான் இல்ல."

அவ ஜீப்ப ஒரு சுத்து சுத்தி வந்தா. அப்புறம் அப்படியே கொட்டாயில உக்காந்து சிரிச்சா பாருங்க, கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல! எங்க வீட்டுப் பூனை அந்த எக்ஸுக்குள்ள நுழைஞ்சு, என் மடியில ஏறி, அந்தப் பக்கமா இறங்கிப் போச்சு.

முன் கண்ணாடிய மடக்கிட்டு வரலாமேன்னு கேப்பீங்க. அதுக்கு முன்னாடியும் ஒரு உபரிக் கம்பி போட்டிருந்தேங்க!

ஸ்பானர எடுத்து ஒரு நட்டத் திருப்பிப் பாத்தேன். அசையல. பலமா திருப்பினேன், நட்டு முனை மழுங்கிருச்சு. அடுத்ததும் அதே கதி. பாபநாசத்துல மெக்கானிக் ஜமால் பாய் இருக்காரு, என் வண்டி வைத்தியமெல்லாம் அவருதான். போன் போட்டேன்.

"செவப்புப் பசையா? அத சூடு காட்டித்தானே கழட்டணும் சேவியரு! நான் கும்பகோணத்துல கல்யாணத்துல இருக்கேன். முடிச்சுட்டு கடையில கேஸ் எடுத்துகிட்டு வரேன், ஏழு மணிக்கு மேல ஆகும். எங்கயும் போயிடாத."

எங்க போறது!

போன வைக்கல, அடுத்த போன் வந்துருச்சு. அருளப்பன் மாமா.

"மாப்ள, கிளம்பிட்டியா? பேண்டு செட்டு வந்தாச்சு."

ஒரு நிமிஷம் யோசிச்சேன். நான் இறங்கத்தான் முடியாது. வண்டி ஓடுமே!

"கிளம்பிட்டேன் மாமா. வண்டிலதான் இருக்கேன்."

அது மட்டும் உண்மை.

பிலோமினா கம்பி வழியா ஒரு சொம்பு தண்ணி கொடுத்து மூஞ்சி கழுவ வச்சா. சட்டை உள்ள வந்துச்சு, அவகிட்ட இருந்த சாவியும் உள்ள வந்துச்சு. வேட்டிய உக்காந்தபடியே லுங்கி மேல சுத்திக்கிட்டேன். கடைசியா கைய விட்டு எனக்குப் பவுடரும் அடிச்சுவிட்டா.

"மிருகக்காட்சி சாலைக்குப் புதுசா வந்த மாதிரி இருக்கீங்க"ன்னா. புருஷனுக்குச் சொல்ற வார்த்தையா இது?

ஆறு மணிக்கு டாண்ணு கோயில் வாசல்ல நின்னேன். மாமா அவசரத்துல ஒண்ணும் கவனிக்கல, சப்பர வண்டிய என் ஜீப் கொக்கில மாட்டிவிட்டாரு. பேண்டு முழங்க ஊர்வலம் கிளம்புச்சு. யாரையும் பாக்காம நேரா ரோட்டப் பாத்து ஓட்டினேன்.

முதல் தெரு திரும்பினதும் எங்க மேரி அக்கா கிட்ட வந்து எட்டிப் பாத்தாங்க.

"என்னா சேவியரு இது, கம்பிக்குள்ள உக்காந்திருக்க? இறங்க முடியாதா?"

"ம்ஹூம்."

"வேண்டுதலா?"

இல்லக்கா, முட்டாள்தனம்னு சொல்லியிருக்கலாம். ஊர் முன்னாடி வாய் வரல.

"ஆமாக்கா."

அவ்வளவுதான்! அடுத்த தெரு போறதுக்குள்ள சேதி எனக்கு முன்னாடி போய் நிக்குது. எங்க ஊர்ல சப்பரம் வரும்போது வேண்டிக்கிட்டு உப்பும் மிளகும் கலந்து சப்பரத்து மேல வீசுவாங்க. அன்னைக்குப் பாதி மாதாவுக்கு, பாதி எனக்கு! கூண்டுக் கம்பியத் தொட்டுக் கும்புடுறாங்க. ஒருத்தர் மெழுகுவர்த்தியக் கொண்டாந்து கிளாம்ப்புல ஒட்டிட்டாரு. யாரோ மாலையும் போட்டுட்டாங்க.

மிளகு மூக்குல ஏறி தும்மல் வந்துச்சு. தும்முனா கால் கிளட்ச்ச விட்டு வழுக்குது. வண்டி ஒரு குலுக்கு. பின்னாடி சப்பரம் ஒரு குலுக்கு.

"மாப்ள, மெதுவா!"ன்னு மாமா கத்துறாரு.

எனக்கு நெஜமாவே பயம் வந்துருச்சு. மாதாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் கூண்டுக்குள்ளயே இருக்குறதுதான் நல்லது. வெளிய வந்தா ஊரு விடாது! மூக்க வேட்டி நுனியால பொத்திக்கிட்டு ஒத்தக் கையில ஓட்டினேன்.

அதுக்குள்ள ஃபாதர் பக்கத்துல நடந்து வந்தாரு.

"சேவியர், இப்படி ஒரு வேண்டுதல நான் கேள்விப்பட்டதே இல்லையே. அப்படி என்னதான் வேண்டிக்கிட்டீங்க?"

அவருகிட்ட எப்படிப் பொய் சொல்றது?

"இங்கேருந்து வெளிய வரணும்னுதான் ஃபாதர். சாயங்காலத்துலேருந்து அதே வேண்டுதல்தான்."

அவர் கம்பியப் பாத்தாரு, நட்டப் பாத்தாரு, என் தொப்பையப் பாத்தாரு. சட்டுனு முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. தோள் மட்டும் குலுங்குச்சு.

மேரி அக்காதான் பாவம். ஊர்வலம் முடியுற வரைக்கும் எனக்காக ஜெபமாலை சொல்லிக்கிட்டே வந்தாங்க. "உன் வேண்டுதல் இன்னைக்கே பலிக்கும்டா தம்பி"ன்னாங்க. எனக்குக் குத்துச்சு. இருந்தாலும் மனசுக்குள்ள ஆமென்னு சொல்லிக்கிட்டேன்.

சப்பரம் சேதாரமில்லாம கோயில் வந்து சேந்துச்சு. அங்க வாசல்ல கல்யாண ஜிப்பாவோட, அத்தர் மணக்க ஜமால் பாய் நிக்கிறாரு! பிலோமினா போன் பண்ணி இங்க வரச் சொல்லியிருக்கா. கையில கேஸ் அடுப்பு மாதிரி ஒரு சாமான்.

"டேங்கு எங்க இருக்கு?"

"என் சீட்டுக்குக் கீழ பாய்."

"அப்ப இந்தப் பக்கம் நெருப்பே காட்டக்கூடாது. நீ அந்தப் பக்கம் வா."

கியர் கம்பியத் தாண்டி நான் அடுத்த சீட்டுக்குப் போன கதைய எழுத முடியாது. ஈரச்சாக்க நடுவுல புடிச்சுகிட்டு, பாய் சூடு காட்டி ஒவ்வொரு நட்டா கழட்டினாரு. நான் கால வெளிய வச்சேன். வேட்டி மேல, லுங்கி கீழ, தலையெல்லாம் மிளகு.

கூட்டம் கை தட்டுச்சு. பேண்டு செட்டுக்காரங்க வேற வாசிச்சுட்டாங்க. மேரி அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு பக்க எக்ஸையும் எடுத்துட்டு ரேஸுக்கும் போனேன். பிலோமினாவும் கூட வந்தா. வண்டியப் பரிசோதிக்கிற தம்பி கூண்டத் தட்டிப் பாத்தாரு.

"நல்லா மாட்டியிருக்கீங்க சார். பக்கத்துல இன்னும் ஒரு கம்பி சேத்தா இன்னும் பாதுகாப்பா இருக்கும்."

நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி பிலோமினா சொன்னா.

"வேணாங்க. அந்த வேண்டுதல் முடிஞ்சுருச்சு."