மெத்தை, தலையணை, ராப்

இசையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இசைக் கம்பெனி நடத்தியவர்கள் சென்னையில் நூறு பேராவது இருப்பார்கள். அந்தத் தெரியாமையையே தகுதியாக வைத்துக்கொண்டு நடத்தியவர் மெத்தை பாய் ஒருவர்தான். தாளம், சுருதி, பீட் எதுவும் அவருக்குப் புரியாது. கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்களேன் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

"தெர்ஞ்சிக்கினு பண்றவன்லாம் இன்னா கிழிச்சிட்டான்?" என்பார். ரேடியோவைத் திருப்பினால், அவர் கேட்டது நியாயம்தான் என்று தோன்றும்.

ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் அவருடைய பஞ்சு மெத்தைக் கடை. அதற்கு மேலே ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் சிமென்ட்டுக்கும் வாசகம் எழுதுவது என் வேலை. பாய்க்கு வீட்டில் வைத்த பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "போர்டுல போட்டுக்கீது, படி" என்பார். போர்டில் 'மெத்தை' என்றுதான் இருந்தது.

இந்த மனிதரை ஹிப் ஹாப் உலகத்துக்கு இழுத்து வந்தவள் கத்திரி. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், ரவிக்கைத் துணிப் பிரிவில் நின்றாள். 'வேலை பார்த்தாள்' என்று எழுதாமல் 'நின்றாள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடையில் நாற்காலி வாடிக்கையாளர்களுக்கு மட்டும். காலை பத்திலிருந்து கடை மூடும்வரை கத்தரிக்கோலும் கையுமாக நிற்க வேண்டும். கையில் இருந்ததைவிட வாயில் இருந்த கத்தரிக்கோல் கூர்மை என்பதால் அந்தப் பெயர்.

தன் வார விடுமுறை நாள் ஒன்றில், கையில் போனோடு சந்தில் அலைந்துகொண்டிருந்தாள். பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டுமாம். ராயப்பேட்டையில் அமைதி தேடுவதும் பனகல் பார்க் ஓரம் பார்க்கிங் தேடுவதும் ஒன்றுதான். ஆம்புலன்ஸ், தண்ணி லாரி, பைக் மெக்கானிக் என்று எல்லோரும் முறை வைத்துக் கத்துகிற இடம். கடைசியில் பாய் கடையின் பின்பக்கம், அடுக்கி வைத்த மெத்தைகளுக்கு நடுவே நுழைந்து பாடிப் பார்த்தாள். வெளிச்சத்தம் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. பஞ்சு எல்லாவற்றையும் முழுங்கிவிட்டது.

"உள்ள யாரு?" என்று பாய் மெத்தையை விலக்கினார். கத்திரி நிறுத்தவில்லை.

"காலு ரெண்டும் கல்லாப் போச்சு, நாற்காலி ஒண்ணு கனவாப் போச்சு, அக்கா வாங்க, அண்ணி வாங்க, ஒக்கார மட்டும் சொல்ல மாட்டாங்க!"

பாய் முழுசாகக் கேட்டார். "இதுக்குப் பேரு இன்னா?"

"ராப்பு, பாய்."

"இதுவா ராப்பு? சண்டையை தாளத்துல போட்டா ராப்பா? தண்ணி லாரி வந்தா எங்க சந்துல டெய்லி ஒரு ஆல்பம் ரிலீஸ் ஆவுதே!"

அடுத்த வாரம் போர்டு மாறியது. 'மெத்தை ரெக்கார்ட்ஸ். மெத்தை, தலையணை, ராப் பாடல்கள் ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்.' வாசகம் எழுதுகிற தொழில்காரன் என்ற முறையில் நான் ஆட்சேபித்தேன். "உன் சோப்பு எத்தினி வித்துச்சு?" என்றார். நான் மாடி ஏறிவிட்டேன்.

ஸ்டுடியோவுக்குச் சுவர், கூரை, கதவு எல்லாமே மெத்தை. மைக்கில் சத்தம் விழும் என்பதால் ஃபேன் கிடையாது. உள்ளே போனவர்கள் இட்லிப்பானையிலிருந்து எடுத்த மாதிரி வெளியே வந்தார்கள். தாளத்துக்கு, பஞ்சு அடிக்கிற கோலால் மெத்தையை மொத்துகிற சத்தம். முதல் பாட்டில் பஞ்சு மூக்கில் ஏறி, இரண்டாவது நிமிடத்தில் கத்திரி பலமாகத் தும்மிவிட்டாள். அதை வெட்டத் தெரியாமல் பாய் அப்படியே வெளியிட்டார். ஒரு கல்லூரி விழாவில் அந்த இடம் வந்ததும் அரங்கம் மொத்தமும் சேர்ந்து தும்மியதைப் பார்த்தேன். "பாத்தியா, ஐடியா!" என்று என்னைக் குத்தினார். கூச்சமே கிடையாது.

கம்பெனியின் தரக்கட்டுப்பாடு உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சரியாக இரண்டு மணிக்குப் புது மெத்தையில் படுப்பார். பாட்டைப் போடச் சொல்வார். தூங்கிவிட்டால் பாட்டு தள்ளுபடி.

"முப்பது வருஷமா ஜனங்களைத் தூங்க வெக்கிறது என் தொழிலு. என்னை முழிச்சிக்க வெக்கிறவன்தான் பாடகன்" என்பார். எழுந்ததும் தீர்ப்பு ஒரே சொல்லில் வரும்: "நக்கோ." வேண்டாம், போ, இந்தப் பக்கமே வராதே என்ற மூன்றும் அதில் அடக்கம்.

அடையாற்றிலிருந்து காரில் வந்து இறங்கிய மூன்று பொறியியல் மாணவர்கள் துப்பாக்கி, ரத்தம், பகை என்று பாடினார்கள். பாய் ஒரு கண்ணைத் திறந்து, "துப்பாக்கியா? ஊட்டு ஏசி ரிமோட்டே உங்க அம்மா கையிலதானே கீது?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

எனக்கும் ஆசை வந்தது. நகரத்துத் தனிமையைப் பற்றி நாலு நிமிடம் எழுதி, அந்த மெத்தை அடுப்புக்குள் நின்று பாடினேன். பாய் இருபதாவது விநாடியில் குறட்டை விட்டார். ஒரு மாதம் சந்து முழுக்க இதே பேச்சு. பாய்க்கு நான் 'நைனா'. "நைனா பாட்டை ஆஸ்பத்திரிக்காரன் கேக்கறான்பா, மயக்க மருந்து தீந்துட்சாம்!" அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டதாகவும் பாய் சொன்னார். நான் பழைய சோப்புக்கே திரும்பினேன்.

கம்ப்யூட்டரை அவர் நம்பவில்லை. ஒரு தடவை அது படுத்து, நாலு பாட்டு போனதிலிருந்து, பாட்டுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அந்த டிஸ்க்கைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிடுவார். கம்ப்யூட்டரில் ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டார். "பஞ்சுக்குள்ள ஈரம் வராது, அடி படாது. எந்தத் திருடன் தலகாணியத் திருடுவான்?" என்று கேட்பார். அடையாளத்துக்கு மூலையில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. திருடன் வரவில்லைதான். அதைவிட மோசமானது பிறகு நடந்தது.

கத்திரியின் பெயர் பரவியதும் ஆழ்வார்பேட்டையின் கண்ணாடி அலுவலகம் ஒன்றிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அவள் குரல் அவர்களுடையது. அதற்கு முன்னால் வெளிவந்த பாட்டுகள் மட்டும் மெத்தை ரெக்கார்ட்ஸுக்கு. பாய் ஒன்பது பாட்டுள்ள ஆல்பத்தை அவசர அவசரமாக முடித்தார். கம்பெனியின் முதல் முழு ஆல்பம். அட்டைப் படம்தான் பாக்கி. டிஸ்க் தலையணைக்குள் போயிற்று. ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அட்டைப் படம் வந்தது. சிவப்பு முடிச்சுத் தலையணையைக் காணோம்.

கடையில் இருந்த அத்தனை தலையணையையும் கிழித்தோம். சந்து முழுக்கப் பஞ்சு பறந்தது. ஒன்றுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு பென் டிரைவ் விழுந்தது. "அது வேற" என்று பாய் வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆல்பம் இல்லை.

"யாருகிட்டயாவது குடுத்தியா பாய்?" என்று கேட்ட கத்திரியின் குரல் உடைந்திருந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மெல்ல ஞாபகம் வந்தது. முந்தின வாரம் மயிலாப்பூர் மாமா ஒருவர் வந்திருக்கிறார். கழுத்து வலி, டாக்டர் கெட்டியான தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார் என்றாராம். பாய் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டியிருக்கிறார். எதுவும் போதவில்லை. வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பினால் பாய்க்கு அன்று சோறு இறங்காது. உள்ளே போய், கடையிலேயே கெட்டியான தலையணையை எடுத்துவந்து, "அமுக்கிப் பாருங்க சாமி, கல்லு!" என்று தம் கையாலேயே விற்றுவிட்டார். முப்பது வருட மெத்தை வியாபாரி மூன்று வருட ரெக்கார்ட் முதலாளியைத் தோற்கடித்துவிட்டார்.

நல்லவேளை, ரசீதில் விலாசம் இருந்தது. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் மயிலாப்பூர் போனோம்.

மாமா ஒரே பிடியாக மறுத்தார். "தரமாட்டேன். ஆறு வருஷத்துக் கழுத்து வலி, ஆறே நாள்ல போயிடுத்து. பிராணனே திரும்பி வந்தாப்ல இருக்கு."

"சாமி, உள்ள ஆல்பம் கீது" என்றார் பாய்.

"என்ன ஆல்பம்? கல்யாண ஆல்பமா?"

"ஒம்பது பாட்டு சாமி. ராப்பு."

மாமா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒன்பது பாட்டு மேலயா தலை வெச்சுண்டு படுத்துண்டிருந்தேன்? அதான் நன்னா இருந்திருக்கு. பாட்டே வைத்தியம்னு சொல்லுவா. தரவே மாட்டேன்."

பாய் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "இது போச்சுன்னா இந்தப் பொண்ணு நம்ம கடையில பாடுனதுக்கு அடையாளமே இல்ல சாமி" என்றார். மாமா மசியவில்லை.

கத்திரி கூடத்தின் நடுவே போய் நின்றாள். தொடையில் தாளம் போட்டு, அந்த முதல் பாட்டை ஆரம்பித்தாள். காலு ரெண்டும் கல்லாப் போச்சு. ஜவுளிக்கடையின் பத்து மணி நேரம் அந்தக் கூடத்துக்கு வந்து நின்றது. இரண்டாவது நிமிடத்தில் பழக்க தோஷத்தில் தும்மலையும் தும்மினாள்.

சமையலறையிலிருந்து மாமி ஈரக்கையோடு வெளியே வந்தாள். பாட்டு முடிந்தது. மாமி ஒரு நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டாள்.

"மொதல்ல உக்காருடி கொழந்தை. அந்தக் கடையிலதான் போன மாசம்கூட ரவிக்கைத் துணி எடுத்தேன். நான் உக்காந்துண்டேன். நீங்கள்ளாம் நின்னுண்டிருந்தது எனக்குத் தோணவே இல்லியே" என்றாள். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "தலகாணியக் குடுங்கோ."

மாமா கொடுத்தார். பாய் அங்கேயே தையலைப் பிரித்து டிஸ்க்கை எடுத்தார். வாடிக்கையாளரை ஏமாற்றக் கூடாதே! மறுநாளே செத்துப்போன பழைய டிஸ்க் ஒன்றை வைத்துத் தைத்து, கல் போன்ற புதுத் தலையணை ஒன்றை அனுப்பினார். மாமாவின் கழுத்து இன்றுவரை சௌக்கியம் என்று கேள்வி.

மாதக் கடைசி நாளன்று ஆல்பம் வந்தது. மறுநாள் கத்திரி போக வேண்டும். கடைவாசலில் நின்றுகொண்டு, "நான் போகல பாய், இங்கியே இருக்கேன்" என்றாள்.

"நக்கோ" என்றார் பாய். "போ. அங்க ஒக்கார நாற்காலி கீது." பிறகு அவசரமாகப் பஞ்சு அடிக்கப் போய்விட்டார். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டதாகச் சொன்னார். அன்று பஞ்சு அடிக்கிற சத்தமே கேட்கவில்லை.

அப்புறம் நானும் அடையாற்றுக்குக் குடிபோனேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, மதியம் இரண்டு மணி. பாய் காதில் ஹெட்ஃபோனோடு மெத்தையில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எந்தப் பரிதாபத்துக்குரிய பயலின் பாட்டு தள்ளுபடி ஆகிறது என்று பார்க்க, ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி என் காதில் வைத்தேன்.

நகரத்துத் தனிமை. நாலு நிமிடம். என் குரல்.

பாய் விழித்துக்கொண்டார். "அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"அழிக்கலாம்னுதான் பாத்தேன்." சங்கடத்தோடு எழுந்து உட்கார்ந்தார். "கத்திரி போனதுலேர்ந்து தூக்கமே வர்ல, நைனா. இன்னா மெத்தை போட்டுப் படுத்தாலும் வர்ல. உன் பாட்டைப் போட்டாதான் வருது."

எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகர். அவரும் இருபதாவது விநாடியைத் தாண்டிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டாவது பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் நன்றாகத் தூங்க வேண்டும்.